பொம்மை நமது கைவண்ணம், பாத்திரம் யாருடையது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மார்க் டவுல் என்பவர் 'காதம் கராஜ்' என்ற பெயரில் ஒரு கார் பட்டறை நடத்திவந்தார். அங்கே உருவானவை எல்லாம் திரையில் பேட்மேன் ஓட்டிய காரின் நகல்கள். 1966-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் வந்த வடிவத்திலும், 1989-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வந்த வடிவத்திலும் முழு அளவுக் கார்களைச் செய்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 90,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர்களில் யாரும் ஏமாறவில்லை. தாங்கள் வாங்குவது ரசிகர் ஒருவரின் கைவேலை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும், பேட்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. காமிக்ஸ் நிறுவனம் 2011-இல் வழக்குத் தொடுத்தது.

டவுலின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கார் என்பது பயன்பாட்டுப் பொருள். அதற்குப் பதிப்புரிமை ஏது? மேலும், சித்திரக்கதையில் ஒரு வடிவம், தொலைக்காட்சியில் வேறு வடிவம், திரைப்படத்தில் மற்றொரு வடிவம் என்று மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எப்படி ஒரே படைப்பு என்று சொல்ல முடியும்? 2015-இல் இவ்வழக்கில் தீர்ப்பளித்த ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விரண்டு வாதங்களையும் ஏற்கவில்லை. அந்தக் கார் வெறும் வாகனம் அல்ல, அதுவே ஒரு கதாபாத்திரம் என்றது. கண்ணுக்குத் தெரியும் வடிவமும் கருத்தளவிலான குணங்களும் இருக்க வேண்டும். எங்கே தோன்றினாலும் இன்னது என்று அடையாளம் காணும்படி போதிய அளவு வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவானதாக இல்லாமல் தனித்தன்மை கொண்டிருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால், அது மனிதராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பாத்திரத்துக்கு உரிய பாதுகாப்பு கிடைக்கும் என்பது தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

காரை விட்டுவிடுவோம். இன்று ஒரு மேசையின் மீது அடங்கிவிடும் முப்பரிமாண அச்சு இயந்திரமும், ஒரு குப்பி ரெசினும், கொஞ்சம் வண்ணமும் இருந்தால் போதும்; அயர்ன் மேனையோ நரூட்டோவையோ நான்கு அங்குல உயரத்தில் செய்து விற்றுவிடலாம். மாணவர்களும், வேலைக்குச் செல்லும் இளைஞர்களும், வீட்டிலிருந்தபடி வருவாய் தேடும் பெண்களும் இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய நம்பிக்கை டவுலின் நம்பிக்கைதான்: என் கையால் செய்தேன், ஆகவே என்னுடையது.

தமிழில் 'பதிப்புரிமை' என்ற சொல் இந்தக் குழப்பத்துக்குச் சற்றே துணைபோகிறது. அச்சொல்லைக் கேட்டதும் புத்தகமும் அச்சகமும்தான் மனத்தில் தோன்றுகின்றன, பொம்மை தோன்றுவதில்லை. ஆனால், நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஓவியத்தையும் சிற்பத்தையும் 'கலைப் படைப்பு' என்ற ஒரே வரையறைக்குள் வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு, இருபரிமாணத்தில் உள்ள ஒரு படைப்பை முப்பரிமாணத்தில் உருவாக்கும் உரிமையும் அதன் உரிமையாளருக்கே உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே, 'நான் படத்தை நகலெடுக்கவில்லை, படத்தைப் பார்த்துச் சிலை செய்தேன்' என்பது தற்காப்பாகாது. சட்டம் தடுப்பது துல்லியமாக அதைத்தான்.

உழைப்புக்கு மதிப்பே இல்லையா என்ற கேள்வி எழும். உண்டு. ஆனால், அந்த உழைப்பு மற்றொருவரின் கற்பனையின் மீது ஏறி நிற்கிறது. வாடகை வீட்டில் நாமே செலவு செய்து வண்ணம் பூசினாலும், வீட்டை விற்கும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை அல்லவா?

இத்துறையில் சில நம்பிக்கைகள் வாய்மொழியாகவே பரவி, சட்டம் போலவே நிலைத்துவிட்டன. மூல வடிவத்தில் முப்பது விழுக்காடு மாற்றினால் போதும் என்பது அவற்றில் ஒன்று. அப்படி ஒரு விழுக்காடு எந்தச் சட்டத்திலும் இல்லை. பார்ப்பவருக்கு அது அந்தப் பாத்திரமாகவே தோன்றுகிறதா, மூலத்தின் கணிசமான பகுதி எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. 'உரிமை அனைத்தும் மூல நிறுவனத்துக்கே' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதிவைப்பது மற்றொன்று. அதனால் அனுமதி கிடைத்துவிடாது. உரிமை வேறொருவருடையது என்பதைத் தெரிந்தே செய்தார் என்பதற்கு அதுவே சான்றாகிவிடக்கூடும். பெயரைச் சொல்லாமல் 'வௌவால் வீரன்' என்று விற்றால் வணிகக் குறியீட்டுச் சிக்கலில் ஒரு பகுதி குறையலாம். வடிவத்தின் மீதான பதிப்புரிமைச் சிக்கல் அப்படியே நிற்கும்.

இவற்றைவிட அதிகமானோரைச் சிக்கவைப்பது கோப்பு விற்பனைதான். இணையத்தில் சிற்பிகள் சிலர் மாதச் சந்தா பெற்றுக்கொண்டு, புகழ்பெற்ற பாத்திரங்களின் முப்பரிமாணக் கோப்புகளைத் தருகிறார்கள். கூடுதல் பணம் கட்டினால் 'வணிக உரிமம்' என்று ஒரு சான்றும் கிடைக்கிறது. அதை நம்பி ஒருவர் நூறு பொம்மைகள் அச்சிட்டு விற்கிறார். ஆனால், அந்தச் சிற்பி கொடுத்தது தமது சிற்ப வேலைக்கான அனுமதியை மட்டுமே. பாத்திரத்தின் மீது அவருக்கே உரிமை இல்லாதபோது, அதை அவர் எப்படிப் பிறருக்கு வழங்க முடியும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

தமக்காகவோ, தம் வீட்டு அலமாரிக்காகவோ ஒன்றைச் செய்துகொள்பவர் அஞ்ச வேண்டியதில்லை. சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. விலை வைக்கும் இடத்தில்தான் கோடு இருக்கிறது. 'லாபம் இல்லை, செய்கூலி மட்டும்' என்பதும் கோட்டுக்கு அப்பால்தான்.

நம் ஊர் வாசகருக்கு இதில் தனியான ஒரு நுட்பம் உண்டு. நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்துக்கும் செட்டியார் பொம்மைக்கும் பக்கத்தில் இப்போது கேலிச்சித்திரப் பாத்திரங்களும் இடம்பிடித்துவிட்டன. மகாபாரதத்தின் பீமன் யாருக்கும் சொந்தமல்ல. கதை ஏந்திய பீமனைக் களிமண்ணிலோ காகிதக் கூழிலோ யார் வேண்டுமானாலும் வடிக்கலாம். ஆனால், 2008-இல் தொலைக்காட்சிக்கு வந்த, லட்டு தின்று பலம் பெறும் 'சோட்டா பீம்' ஐதராபாத்தைச் சேர்ந்த கிரீன் கோல்டு நிறுவனத்தின் படைப்பு. பெயரின் வேர் இதிகாசத்தில் இருக்கலாம். அந்தச் சிறுவனின் முகமும் உடையும் உருவ அமைப்பும் அந்நிறுவனத்துக்குரியவை. பழைய புராணப் பாத்திரங்களுக்கு நவீன ஓவியர் ஒருவர் தந்த தனித்த முகச்சாயலுக்கும் இதுவே பொருந்தும். கதை பொது, வரைந்த கோடு தனி.

பாத்திரம் ஒரு நடிகரின் முகத்தோடு ஒட்டியதாக இருந்தால், உரிமையாளர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. படத்தின் உடையும் ஒப்பனையும் பாத்திரமும் தயாரிப்பாளர் பக்கம். முகம் நடிகர் பக்கம். பாடகர் தலேர் மெஹந்தியின் சாயலில், அவரது பாடலின் சில வரிகளைப் பாடும் பொம்மைகளை விற்ற கடைகளுக்கு எதிரான வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் தடை விதித்து இழப்பீடும் வழங்க உத்தரவிட்டது. அதே தீர்ப்பு, கேலிச்சித்திரம், பகடி போன்றவற்றை இந்த உரிமையைக் காட்டி நசுக்கிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. அந்தப் பகுதியை நாம் அதிகம் நினைவுகூர்வதில்லை. 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவரது பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் இந்த வரிசையில் சேரும்.

நாட்டுக்கு நாடு சட்டம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு தலைக்கவசம் நல்ல எடுத்துக்காட்டு. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்துக்காக, வெள்ளை நிறப் படைவீரர்களின் தலைக்கவசங்களை 1976-இல் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2004-இல், தம்மிடமிருந்த கருவிகளைக் கொண்டு அதே கவசங்களைச் செய்து இணையம் வழியே விற்கத் தொடங்கினார். அமெரிக்காவுக்கு அவர் விற்றது அதிகபட்சம் 30,000 டாலர் மதிப்புக்குத்தான். லூகாஸ் ஃபிலிம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்து, அவர் எதிர்வழக்காடாத நிலையில் 2 கோடி டாலர் இழப்பீட்டுக்கான தீர்ப்பைப் பெற்றது. அதை நிலைநாட்ட லண்டனுக்கு வந்தபோதுதான் காட்சி மாறியது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில், அந்தத் தலைக்கவசம் சிற்பம் அல்ல என்று தீர்ப்பளித்தது. கலைப் படைப்பு என்பது திரைப்படம். கவசமோ அதை எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு பொருள் என்று நீதிபதிகள் விளக்கினர். சிற்பம் அல்ல என்றானதால், பிரிட்டன் சட்டப்படி பதிப்புரிமை மீறலும் இல்லை.

ஐன்ஸ்வொர்த்துக்கு இது முழு வெற்றி அல்ல. அமெரிக்காவில் நடந்த பதிப்புரிமை மீறலுக்காக, அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படையில் ஆங்கில நீதிமன்றத்திலேயே அவர்மீது வழக்கு நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. அதாவது, ஒரே கவசத்தை லண்டனில் இருப்பவருக்கு விற்றால் குற்றமில்லை. கடல் கடந்து அனுப்பினால் குற்றம். இணையத்தில் கடை விரித்திருக்கும் நம் ஊர்ச் சிற்பிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கப்பலேறும் பொம்மை, சேரும் ஊரின் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனிலும்கூட, ஐம்பதுக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தியான கலைப் படைப்புகளுக்கு 25 ஆண்டுகளுக்குப் பின் பாதுகாப்பைக் குறைத்த பழைய சட்டப்பிரிவு 2016-இல் நீக்கப்பட்டுவிட்டது.

நம் சட்டத்திலும் ஐம்பது என்ற எண் உண்டு. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், உரிமையாளரே அதைத் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை முடிந்துபோகும் என்கிறது 15-ஆவது பிரிவு. 'அந்த நிறுவனமே லட்சக்கணக்கில் பொம்மை விற்றுவிட்டது. ஆகவே உரிமை போய்விட்டது' என்று சிலர் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தான குறுக்குவழி. ஓவியமாகப் பிறந்த பாத்திரத்தின் மூல ஓவியம் தனியொரு கலைப் படைப்பு. அதிலிருந்து பெறப்பட்ட தொழில் வடிவமைப்பு வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்காகவே உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு வழக்கில் இரு கட்டச் சோதனையை வகுத்துத் தர வேண்டியிருந்தது. அந்த வழக்கு பொம்மை பற்றியதுகூட அல்ல. எரிவாயு கொண்டுசெல்லும் வாகனங்களின் பாகங்களுக்கான வரைபடங்கள் பற்றியது.

காலம் கடந்து பொதுச்சொத்தான பாத்திரங்களை எடுத்துக்கொள்ளலாமே என்றால், எடுத்துக்கொள்ளலாம், எல்லை தெரிந்தால். 1928-இல் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் நாள் முடிந்தது. அன்று விடுதலையானது அந்தப் படத்தில் இருந்த கறுப்பு வெள்ளை மிக்கி மட்டுமே. வெள்ளைக் கையுறையும் வண்ண உடையுமாகப் பின்னாளில் மாறிய மிக்கி அல்ல. அதோடு, மிக்கியின் பெயரும் உருவமும் டிஸ்னியின் வணிகக் குறியீடுகளாகவும் இருக்கின்றன. பதிப்புரிமைக்கு முடிவு நாள் உண்டு. வணிகக் குறியீட்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். டின்டின் கதை இன்னும் சுவையானது. 1929-இல் முதன்முதலாக வந்த டின்டின் அமெரிக்காவில் 2025-இல் பொதுச்சொத்தானான். அவனைப் படைத்த எர்ஜே 1983-இல் இறந்தார். ஆகவே, படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் என்ற கணக்கு உள்ள பெல்ஜியத்தில் 2053 முடியும்வரையிலும், 60 ஆண்டுகள் என்ற கணக்கு உள்ள இந்தியாவில் 2043 முடியும்வரையிலும் அவனுக்கு உரிமையாளர்கள் இருப்பார்கள்.

மீறினால் என்ன நேரும்? பெரும்பாலும் முதலில் வருவது நீதிமன்றம் அல்ல. விற்பனைத் தளத்தின் மின்னஞ்சல். உரிமையாளர் எழுத்துமூலம் புகார் தந்தால், இந்திய விதிகளின்படி இணையத்தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை மறைக்க வேண்டும். 21 நாள்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். இது சிறு விற்பனையாளருக்குச் சாதகமான ஏற்பாடு. ஆனால், 63-ஆவது பிரிவு அத்தனை மென்மையானது அல்ல. தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது இடமளிக்கிறது. வணிக லாபத்துக்காக அல்லாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2022-இல் உச்ச நீதிமன்றம், இது பிணையில் விடக்கூடாத, காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் என்று தெளிவுபடுத்தியது. போலித் தயாரிப்புகளைப் பெட்டி பெட்டியாக இறக்கும் பெருவணிகரும், தன் அறையில் இருபது பொம்மைகள் வார்த்த கல்லூரி மாணவரும் ஒரே பிரிவின் கீழ் நிற்க நேர்வது சரியல்ல என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம். எண்ணிக்கைக்கும் வருவாய்க்கும் ஏற்ற படிநிலை சட்டத்தில் வேண்டும்.

அனுமதி பெற்றுவிடலாமே என்று சொல்வது எளிது. பன்னாட்டு நிறுவனங்களின் உரிமத் துறைகள் பேசுவது பல்லாயிரம் பொம்மைகள், குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, பல ஆண்டு ஒப்பந்தம் என்ற மொழியில். இருபது பொம்மை விற்க விரும்புபவரின் கடிதத்துக்கு அங்கே பதில் கிடைப்பதே அரிது. கேட்டால் பதில் வராது, கேட்காமல் செய்தால் குற்றம் என்ற நிலை யாரையும் சட்டத்தை மதிக்கச் செய்யாது.

இந்த முடிச்சை ஜப்பானியர்கள் அவிழ்த்த விதம் படிக்கத்தக்கது. சிலிக்கோன் அச்சில் ரெசின் ஊற்றி, வீட்டிலேயே சிறு எண்ணிக்கையில் உருவ மாதிரிகள் செய்யும் பழக்கம் அங்கே 1980-களில் வேரூன்றியது. ஒசாகாவில் இருந்த ஜெனரல் புராடக்ட்ஸ் என்ற ரசிகர் கடை அத்தகைய கலைஞர்களுக்காக 'வொண்டர் ஃபெஸ்டிவல்' என்ற சந்தையைத் தொடங்கியது. 1992 முதல் அதை நடத்திவருவது கையோடோ என்ற உருவ மாதிரி நிறுவனம். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் குளிர்காலத்திலும் நடக்கும் இச்சந்தை, இப்போது டோக்கியோவை அடுத்த சிபா மாவட்டத்தின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கை நிறைக்கிறது. அங்கே வழக்கத்தில் இருப்பது 'ஒருநாள் உரிமம்'.

விற்க விரும்பும் கலைஞர், பல மாதங்களுக்கு முன்பே எந்தப் பாத்திரம், என்ன அளவு, என்ன விலை, எத்தனை என்று எழுதி, விழா அமைப்பாளரிடம் விண்ணப்பிக்கிறார். தாம் செய்த மூல உருவின் ஒளிப்படங்களையும் தர வேண்டும். அமைப்பாளர் இவற்றைத் திரட்டி உரிமையாளர்களிடம் அனுப்புகிறார். பாத்திரத்தின் கண்ணியத்துக்குப் பொருந்துகிறதா, வடிவம் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் பார்த்து, திருத்தம் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். சில பாத்திரங்களுக்கு அனுமதியே கிடைப்பதில்லை. ஒப்புதல் கிடைத்தால், விற்பனையில் ஒரு சிறு பங்கு உரிமத்தொகையாகச் செலுத்தப்படுகிறது; ஒவ்வொரு பெட்டியிலும் சான்று வில்லை ஒட்டப்படுகிறது. அந்த ஒரு நாள், அந்த ஓர் அரங்கில் மட்டுமே விற்கலாம். மாலையில் கதவு மூடியதும் உரிமமும் முடிந்துவிடும். மிஞ்சியதை மறுநாள் இணையத்தில் விற்க முடியாது.

இதில் உரிமையாளர் இழப்பது என்ன? சந்தையின் கட்டுப்பாடு அவர் கையிலேயே இருக்கிறது. பெறுவதோ அதிகம்: எந்தப் பாத்திரத்துக்கு முன்னால் வரிசை நீள்கிறது, எந்த இளம் சிற்பியின் விரலில் உயிர் இருக்கிறது என்பதை அவர் செலவின்றித் தெரிந்துகொள்கிறார். ஜெனரல் புராடக்ட்ஸின் நண்பர் குழாம் தொடங்கிய கெய்னாக்ஸ் நிறுவனம்தான் 1995-இல் 'எவாஞ்சலியன்' தொடரைத் தந்தது. அதன் பாத்திரங்களை வடிக்க, பின்னர் ரசிகர்கள் அதே சந்தையில் உரிமம் கேட்டு நின்றார்கள். உரிமம் கேட்டவர்கள் உரிமம் தருபவர்களானார்கள்.

2024-இல் 'காமிக் கான்' விழா சென்னைக்கும் வந்துவிட்ட நிலையில், இங்கேயும் அத்தகைய ஏற்பாட்டை முயன்று பார்க்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விழா அமைப்பாளர் இடைநிலையாளராக நின்று, முதலில் உள்நாட்டுப் படைப்பு நிறுவனங்கள் நான்கைந்தின் ஒப்புதலைப் பெற்றாலே போதும். 30-ஆவது பிரிவு கேட்பதெல்லாம் உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

அதுவரை தனியாக அனுமதி கேட்பவர்கள், பெரிய அயல்நாட்டு நிறுவனங்களைவிடச் சிறிய பதிப்பகங்களையும், தனிப்பட்ட ஓவியர்களையும் அணுகுவது பயன்தரும். அவர்களே நேரில் பதில் எழுதுகிறார்கள். கடிதத்தில் பாத்திரத்தின் பெயர், பொம்மையின் அளவு, செய்யும் பொருள், எண்ணிக்கை, விலை, விற்கும் இடம், காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மாதிரியின் படத்தையும் இணைக்க வேண்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது இங்கே செல்லாது. உரிம ஒப்பந்தத்தில் கால அளவு எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது வரியைச் சேர்க்க மறந்தவர், சிங்கப்பூரிலிருந்து வரும் முதல் கொள்முதலை அனுப்பும்போதே உரிமத்தின் எல்லையைத் தாண்டிவிடுவார்.